ஒரே வாசல்

ஆகஸ்ட் 11

இந்த டைரியைச் சிமெண்டுக் கடை முதலாளி ஜனவரி மாதம் தன் கையாலேயே எனக்குக் கொடுத்தார். வேம்புலியம்மன் நகரில் அவர் கையால் டைரி வாங்கியவன் நான் ஒருத்தன்தான். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுதும்படி இங்கே எதுவும் நடக்கவில்லை. இன்று நடந்திருக்கிறது.

எங்கள் கால்வாய்க் கரையைக் காலி செய்யப் போகிறார்களாம். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கரையை அழகுபடுத்தி, நடைபாதை போட்டு, பெஞ்சு வைப்பார்களாம். அடுத்த வாரம் ஆபீஸ்காரர்கள் வந்து குடும்பங்களை எண்ணுவார்கள். எண்ணிக்கையில் வந்த குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே செங்கரையில் ஒரு வீடு. வராத குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது.

நகரே அழுதது. நான் அழவில்லை. பட்டண விவகாரம் எனக்குப் புதிதா? காலமெல்லாம் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். கான்கிரீட் காய்கிற வரைக்கும் பலகையும் சவுக்குக் கம்பும் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கிற வேலை. இந்தச் சென்னையில் பாதிக் கட்டடம் இந்த ஏகாம்பரம் தாங்கியதால்தான் நிற்கிறது. எதிர்க்கரை ஃபிளாட்டும் அப்படித்தான். நான் சிங்கப்பூரில் இருந்தபோது (தங்கை மருமகன் தனபால் மூன்று மாதம் என்பான், அதற்கு மேலேயே இருக்கும்) ஒரு பெரிய இன்ஜினியர் என் தோளில் கை போட்டு, "ஏகாம்பரம், உன்னைப் போல நாலு பேர் இருந்தால் ஒரு நகரத்தையே கட்டிவிடலாம்" என்று தமிழிலேயே சொன்னார். அவர் சீனாக்காரர்.

எங்கள் வீட்டைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். பிற்காலத்தில் படிப்பவர்களுக்குத் தெரியாது. ஒரே கூரை, இரண்டு வாசல். என் தங்கை போன பிறகு அவளுடைய இரண்டு பெண்களுக்கும் நடுச்சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்தது நான்தான். இடது வாசல் மூத்தவள் கற்பகத்துக்கு. அவள், லோடு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் தனபால், இரண்டு பையன்கள், நான். வலது வாசல் இளையவள் மேகலாவுக்கு. அவளும் அவள் பெண் தர்ஷினியும். மேகலா புருஷனை விட்டு வந்தவள், எதிர்க்கரை ஃபிளாட்டில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

"எண்ண வர அன்னிக்கு நான் வேலைக்குப் போயிட்டா இன்னா மாமா பண்றது?" என்று கேட்டாள் மேகலா. "நான் இருக்கேன்ல" என்றேன். அவள் முகம் அப்படித் தெளிந்தது.

ஆகஸ்ட் 14

டீக்கடை கவுஸ் பாய் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். உலகத்தில் பாதிக்கு மேல் ஜனங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்களாம். பிரேசில், ஆப்பிரிக்கா, பம்பாய், எங்கே பார்த்தாலும் இடம் பத்தவில்லையாம். "எல்லா ஊர்லயும் தண்ணி ஓரத்துலதான் ஏழைங்க இருக்காங்களாம். எல்லா ஊர்லயும் அந்தத் தண்ணிய அழகு பண்ணப் போறாங்களாம்" என்றார் பாய். நான் ஏற்கெனவே சொன்னதுதான் இது.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எதிர்க்கரை ஃபிளாட்டும் கால்வாயை ஒட்டித்தான் நிற்கிறது. எங்களைவிடக் கொஞ்சம் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. அதை யாரும் இடிக்க வரவில்லை. ஏன்? அதற்கு கேட் இருக்கிறது. வந்த ஆபீஸ்காரன் கேட்டைப் பார்த்ததும் கை கட்டி நிற்கிறான். ஓலை வாசலையும் தகர வாசலையும் பார்த்தால் அவனுக்கு இடிக்கத்தான் தோன்றும். ஆக, விஷயம் வாசலில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு டீ நேரம்தான் ஆயிற்று.

ஆகஸ்ட் 17

பழைய மரச்சாமான் கடையில் கதவு வாங்கிவிட்டேன். பர்மா தேக்கு, இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழ், நடுவில் அன்னப் பறவை. இடித்த பங்களாவிலிருந்து வந்தது. திவான் ஒருவர் வீட்டுக் கதவு என்று கடைக்காரன் சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தனபாலின் வண்டியில் ஏற்றிவந்தேன்.

அத்தனை அகலக் கதவுக்கு இடம் வேண்டுமே. இடது வாசலை இடித்து அகலப்படுத்தினேன். வலது வாசலைச் செங்கல் வைத்து மூடி, அன்றே பூசினேன். நடுச்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டேன். கையாள் இல்லாமல் ஒரே நாளில். சாயங்காலம் தெருவே வந்து பார்த்தது.

மேகலா வேலை முடிந்து வந்து அப்படியே நின்றாள்.

"மாமா, என் வாசல் எங்க?"

"மூடிட்டேன். இனிமே எல்லாருக்கும் ஒரே வாசல். பங்களா மாதிரி."

"என் வூட்டுக்கு நான் எப்படிப் போறது?"

"அக்கா வூட்டு வழியா. உள்ளே வழி விட்டிருக்கேன், பாரு."

"அக்கா வூட்டுக்காரரு படுத்துக்கினு இருப்பாரு. அவரத் தாண்டிக்கினா போவணும்?" கொஞ்ச நேரம் பூச்சைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். "நானா பூட்டி, நானா தொறக்கிறதுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான் மாமா."

வீட்டை இடிக்காமல் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று விளக்கினேன். படிப்பு இல்லாததால் உடனே பிடிபடவில்லை. நான் எட்டாவது. அதிலும் எட்டாவதை இரண்டு வருடம் படித்தவன்.

ஆகஸ்ட் 20

எண்ணிவிட்டார்கள். வெற்றி.

காலையிலேயே குளித்து, கரை வேட்டி கட்டி, கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்குள்ளும் நீட்டாக இருக்கட்டும் என்று தனபாலே மேகலாவின் அடுப்பைத் தூக்கிப் பரணில் வைத்திருந்தான். அவன் இப்படியெல்லாம் உதவி செய்கிறவன் இல்லை.

ஆபீஸர் சின்ன வயது. கதவைப் பார்த்துவிட்டு, "எங்கேயிருந்து பெரியவரே இது?" என்று கேட்டார். பூர்வீகம் என்றேன். கூல் டிரிங்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "உள்ளே எத்தனை குடும்பம்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு மற்ற வீடுகளில் எப்படிப் பதில் சொன்னார்கள் தெரியுமா? அண்ணன் தனி, தம்பி தனி, மாமியார் தனி என்று சந்தி சிரிக்கச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்காது. நான் எழுந்து நின்று, "சார், எங்க குடும்பத்துல பிரிவினைன்ற பேச்சுக்கே இடம் கிடையாது. ஒரே உலை, ஒரே வாசல். பொண்ணுங்க ரெண்டு பேரையும் நான் பிரிச்சுப் பார்த்ததே இல்ல" என்றேன். ஆபீஸர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நிச்சயமாவா? ஒரே குடும்பம்தானா?" என்று திரும்பவும் கேட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு குடும்பமா என்று.

தனபால் பக்கத்திலேயே வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். நான் வானம் நீலம் என்றாலும் இல்லை என்கிறவன், இன்று ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மரியாதை தானாக வருகிறது.

கதவில் ஒரு எண்ணை ஒட்டினார்கள். நேராக, அன்னத்துக்கு மேலே.

அதே நாள், சாயங்காலம்

மேகலா வந்து எண்ணைப் பார்த்தாள். பக்கத்து வீடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே வாசலுக்கு ஒன்று, சில வாசலில் இரண்டு, மூன்று.

"எனக்கு எது மாமா?"

"இதுதான், நம்ம எல்லாருக்கும்."

அவள் கத்தவில்லை. அக்காவைப் பார்த்தாள். கற்பகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள், களைந்து முடிந்த அரிசியையே திரும்பவும் களைந்தாள். தர்ஷினி மட்டும், "அப்ப நம்பளுக்கு வூடு இல்லியாம்மா?" என்றாள்.

நாளைக்கே ஆபீஸுக்குப் போய்ச் சரி செய்கிறேன் என்றேன். எனக்கு அங்கே எல்லாரையும் தெரியும்.

ஆகஸ்ட் 25

ஆபீஸில் நல்ல வரவேற்பு. ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் வெளியே மரத்தடியிலேயே இருந்துகொண்டேன். மதியத்துக்கு மேல் அந்தச் சின்ன ஆபீஸரே வெளியே வந்தார். வண்டியை எடுக்க வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நான் ரெண்டு தடவை கேட்டேனே பெரியவரே. நீங்கதானே ஒரே குடும்பம்னு சொன்னீங்க?"

"அது பாசத்துல சொன்னது சார்."

"மூடின வாசலைத் தொறந்து வச்சு, இப்போ ரெண்டு குடும்பம்னு சொன்னா, வீட்டுக்காக ஏமாத்தறாங்கன்னுதான் மேல எழுதுவாங்க. இருக்கிற ஒண்ணும் போயிடும். பார்த்துக்கோங்க."

நல்ல பையன். என் நன்மைக்குத்தான் சொன்னார். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று மேகலாவிடம் சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 3

மேகலா என்னோடு பேசுவதில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 19

வேலை செய்கிற வீட்டு அம்மா மேகலாவிடம் சொன்னாளாம், "இனிமே பால்கனியில நல்லா காத்து வரும், உங்களுக்கும் புது வீடு கிடைக்குது, ரெண்டு பேருக்கும் நல்லது." அந்த பால்கனிக்குச் சென்ட்ரிங் அடித்தவன் நான் என்று மேகலா அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்டோபர் 7

இன்று இடித்தார்கள். பரீட்சை நேரம், முடிந்த பிறகு செய்யுங்கள் என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் கெஞ்சினார்கள். மேலிடத்து உத்தரவாம்.

கதவை நானே கழற்றினேன். யாரையும் தொட விடவில்லை. இடிக்கிற மஞ்சள் வண்டிக்காரன் எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். என் அனுமதிக்காக நிறுத்தினான். எதிரில் நாய் படுத்திருந்தது என்று தனபால் சொல்கிறான்.

கூரை முதலில் போயிற்று. கற்பகத்தின் பக்கம் ஒரே தட்டில் போயிற்று. நடுச்சுவர் போயிற்று. கடைசியில் எல்லாம் தரையாகிக் கிடக்க, நான் ஆகஸ்டில் மூடினேனே, மேகலாவின் வாசல், அந்தப் புதுச் செங்கல் மட்டும் வாசல் அளவிலேயே தனியாக நின்றது. அத்தனை உறுதி. வண்டி அதற்காகத் திரும்பிவர வேண்டியிருந்தது.

மேகலா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் போய்ச் சாமான் ஏற்றினேன்.

அக்டோபர் 8

செங்கரை. ஏழாவது மாடி. லிப்ட் வேலை செய்யாதது நல்லதுதான், உடம்புக்குப் பயிற்சி. மேலேயிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடம். அதற்கப்பால் சதுப்பு நிலமும் கொக்கும். ஏரி மேல்தான் கட்டியிருக்கிறார்கள் என்று கீழே ஒருத்தர் சொன்னார். டோக்கியோவில் ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்குள் படுத்துத்தான் தூங்குகிறார்களாம். அதற்கு இது அரண்மனை.

ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அறை தனபாலுக்கும் கற்பகத்துக்கும். கூடத்தில் பையன்களும் நானும். மேகலாவும் தர்ஷினியும் கக்கூஸ் கதவுக்கும் சுவருக்கும் நடுவில். யாராவது போக வேண்டுமென்றால் அவர்கள் எழுந்து உட்கார வேண்டும்.

கதவு படி ஏறவில்லை. கீழே மாடிப்படிக்கு அடியில் சாத்திவைத்திருக்கிறேன். எண் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 24

மேகலா இருட்டோடு கிளம்புகிறாள். இரண்டு பஸ் மாறி, ஃபிளாட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் காய்ந்து கிடக்கிறதாம். ஒரு வீட்டில் நின்றுவிடச் சொல்லிவிட்டார்கள். தர்ஷினிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் பாதி வருடத்தில் இடமில்லை என்கிறார்கள். பகலெல்லாம் என்னோடுதான் இருக்கிறாள். சிங்கப்பூர்க் கதை சொல்கிறேன். "அங்க வாய்க்கால் ஓரத்துல யாரு தாத்தா இருப்பாங்க?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

நவம்பர் 4

மழை. இரண்டாவது வீடும் நிறுத்திவிட்டது.

தனபால் சாப்பிடும்போது, "ஒரு வூட்டுக்கு ஒரு குடும்பம்னுதான் கொடுத்தாங்க. இங்க ரெண்டு குடும்பம் கீது" என்றான். 

"அன்னிக்கு வாயத் தொறந்து இத நீ சொல்லியிருக்கலாமே" என்றாள் மேகலா.

"நானா சொன்னேன்? உங்க மாமாதான ஒரே உலைன்னு சொன்னாரு. பெரிய மனுசன் பேசும்போது குறுக்கப் பேசக் கூடாதில்ல."

"என் அடுப்ப யாரு பரண் மேல வச்சது?"

கற்பகம், "சோறு ஆறுதுடி, சாப்பிடு" என்றாள். தங்கையைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

குடும்பம் என்றால் நாலு பேச்சு வரும் போகும். எனக்கு அன்று பசியில்லை.

நவம்பர் 10

நல்ல செய்தி. மேகலாவுக்கு, மீதியிருக்கிற அந்த ஃபிளாட்டு அம்மா, தங்குவதற்கு அவுட் ஹவுஸ் கொடுத்துவிட்டாளாம். ஃபேன் எல்லாம் உண்டாம். தர்ஷினி பழைய பள்ளிக்கூடத்துக்கே போகலாம். காலையில் மூட்டையோடு இரண்டு பேரும் கிளம்பினார்கள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். இப்படி ஒரு அம்மா இந்தக் காலத்தில் கிடைப்பாளா என்று மாடியில் எல்லாரிடமும் சொன்னேன்.

நவம்பர் 13

அவுட் ஹவுஸைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல காற்றோட்டம். நாலு பக்கமும் காற்று வருகிறது. மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். எங்கள் பழைய வீடு இருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான், கால்வாய்ச் சரிவில். பாத்திரங்களைச் செங்கல் மேல் அடுக்கிவைத்திருக்கிறாள். அந்தச் செங்கல்லைப் பார்த்ததுமே தெரிந்தது, நான் பூசிய பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது.

தெற்குப் பக்கம் மட்டும் சாரல் அடிக்கிறது. அங்கே ஏதாவது நிறுத்த வேண்டும்.

நவம்பர் 15

எனக்குச் செங்கரைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. கால்வாய்க் கரையில் நடைபாதை வேலை நடக்கிறது, மேற்பார்வைக்கு அனுபவசாலி வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கதவை ஏற்றிவர வண்டி கேட்டேன். தனபால் மறுக்கவில்லை. "அதையும் சேத்து எடுத்துக்கினு போயிடுங்க மாமா, படிக்கட்டுல எடத்த அடைச்சிக்கினு கீது" என்றான். கற்பகம் ஒரு போர்வையும் மேகலாவின் அடுப்பும் கொடுத்தனுப்பினாள். கீழே வண்டி வரைக்கும் இறங்கி வந்தவள், திரும்பிப் படி ஏறினாள்.

தெற்குப் பக்கம் கதவை நிறுத்திவிட்டேன். கம்பு கொடுத்துத் தாங்கியிருக்கிறேன். புயல் அடித்தாலும் அசையாது.

மேகலா ரொம்ப நாளைக்குப் பிறகு பேசினாள். "கதவு நல்லா கீது மாமா" என்றாள். 

நவம்பர் 23

நடைபாதைக்குச் சிவப்புக் கல் பதிக்கிறார்கள். மட்டம் சரியில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "ஓரமா போ பெருசு" என்றான். பிறகு சரி செய்திருப்பான்.

தர்ஷினிக்குக் காய்ச்சல்.

நவம்பர் 29

காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஈரத்தில் படுக்க வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ராத்திரியெல்லாம் கால்வாய் ஏறிக்கொண்டிருந்தது. மேகலா பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பதினான்கு மாடியிலும் விளக்கு எரிந்தது.

என் வாசல் மட்டும் இருந்திருந்தால் என்று மேகலா சொல்லவில்லை. சொன்னது மாதிரி எனக்குக் கேட்டது. கதவு பர்மா தேக்கு என்பதில் சந்தேகமே இல்லை.

டிசம்பர் 2

மறுபடியும் எண்ண வந்தார்கள். வேறு ஆள், கழுத்தில் அட்டை, குடை. வேலி போடப் போகிறார்கள், கரையில் யாரும் இருக்கக் கூடாதாம்.

"வீடு கொடுப்பீங்களா சார்?" என்றேன்.

"வீடெல்லாம் இல்ல பெரியவரே. பொம்பளைங்களும் குழந்தைங்களும் தங்கறதுக்குக் காப்பகம் இருக்கு. தனியா இருக்கிற பொம்பளைன்னா எடுத்துப்பாங்க. மழைக்கு ஒதுங்கலாம், டாக்டர் வருவாங்க. அங்கே பேர் இருந்தா, பின்னால வீட்டுக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஆம்பளை துணை இருக்குன்னா எடுக்க மாட்டாங்க. உள்ளே எத்தனை குடும்பம்?"

மேகலா பிள்ளையோடு வெளியே வந்து நின்றாள். "நாங்க எல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"ரெண்டு குடும்பம் சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இவங்களுக்கு யாரு?"

"யாரும் இல்ல. மழைக்கு இந்தக் கதவாண்ட ஒதுங்குனேன். இந்தப் பொண்ணு தனி. அவளுக்கும் அந்தக் கொழந்தைக்கும் யாருமே இல்ல சார். நான் பார்த்துக்கினுதான இருக்கேன்."

"உறவு கிடையாதா? நிச்சயமாவா?"

இவரும் இரண்டு தடவை கேட்டார். 

"கிடையாது. அவ உலை வேற, என் உலை வேற."

மேகலா, "மாமா" என்றாள். அந்த ஆள் அவளைப் பார்த்தார். "இங்க எல்லாரையும் அப்படித்தான் சார் கூப்பிடுவாங்க" என்றேன். 

எழுதிக்கொண்டார். தாய் ஒன்று, பிள்ளை ஒன்று, தனிக் குடும்பம்.

டிசம்பர் 3

காலையில் வேன் வந்தது. மேகலா அடுப்பை எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கு வைத்துவிட்டாள். ஏறும் வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை. ஆட்கள் நின்றார்கள், பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கெட்டிக்காரி.

தர்ஷினி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "தாத்தா, நீ ஏன் நம்ப ஆளு இல்லன்னு சொன்ன?" என்று கேட்டாள். வேனில் பக்கத்தில் இருந்த காப்பகத்து அம்மணி, "யாரும்மா அது?" என்றாள். 

நான் திரும்பிக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல தண்ணீர் ஓட்டம்.

அட்டைக்காரர் போகிறபோது, "நீங்க எங்கே போவீங்க பெரியவரே?" என்று கேட்டார். சிங்கப்பூர், செங்கரை என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். கதவின் கம்பை இறுக்கப் போனேன்.

மதியம் வேலிக்குக் கம்பம் நட ஆட்கள் வந்துவிட்டார்கள். கதவுக்குக் கொடுத்திருந்த கம்பைத் தட்டிவிட்டார்கள். கதவு விழவில்லை. நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.